வாசலுக்கு வெளியே

ஏவுகணை எரிபொருள் கூடத்தில் வேலைபார்த்தே நரைத்துப்போன தவசியப்பனின் நுழைவு அட்டையை அதிகாரி வாங்கி மேசைக்குள் போட்டார். மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தால், அவன் கட்டாத கடன் இவர் தலையில் விடிந்திருந்தது. இந்த வருஷப் பாதுகாப்புச் சரிபார்ப்பில் அது தெரிந்துவிட்டது.

"கடன்ல மூழ்கின ஆளை யார் வேணா விலைக்கு வாங்கிடலாம், தவசி."

"இத்தனை வருஷத்துல ஒருத்தனும் வந்து கேக்கலையே சார்."

"கேட்டுட்டா?"

அட்டை போயிற்று, சம்பளமும் போயிற்று. எரிபொருளின் ரகசியக் கலவை விகிதம் மட்டும் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவினார். முன்பின் தெரியாத ஒருவன், "அண்ணனுக்கும் ஒரு டீ போடுங்க" என்று காசை நீட்டினான்.

தவசியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.