கேரி தீவில் மூன்று வருஷம்

"ரெண்டு வளையலைக் கழட்டிக் கொடுக்க ரெண்டு வாரம் யோசிச்சா. நான் என்ன சூதாடவா கேட்டேன்?"

மலேசியாவில், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கமலநாதன் பொருமித் தள்ளினார்.

கேட்டுக்கொண்டிருந்தவன் முகுந்தன். அவருடைய பழைய மாணவன், இப்போது பண்டமாரானில் நாலு லோரிக்கு முதலாளி. பக்கத்தில் கமலநாதனின் மனைவி தனலெட்சுமி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வளையல்கள் அவர் சட்டைப் பையில், கைக்குட்டைக்குள் இருந்தன.

விஷயம் இதுதான். கமலநாதன் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அரசாங்கப் பள்ளிக்கு வருவதற்கு முன்பு, கேரி தீவில் தோட்ட நிர்வாகம் நடத்திய பள்ளியில் மூன்று வருஷம் வாத்தியாராக இருந்தார். பணம் கட்டினால் அந்த மூன்று வருஷத்தையும் பென்ஷன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆயுசுக்கும்.

பள்ளிக்கூடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. அதனால் அங்கே படித்த ஒருவர் வந்து, 'இவர்தான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்' என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, இந்தக் கடையின் மாடியில் இருக்கும் உறுதிமொழிக் கமிஷனர் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குத்தான் முகுந்தன். கட்ட வேண்டிய பணத்தில் துண்டு விழுந்தது. அதற்குத்தான் வளையல்.

"வேணாங்க, இருக்கற பென்ஷன் போதும்" என்பதைத் தவிர தனலெட்சுமி வேறு காரணம் சொல்லவில்லை. கஞ்சத்தனம்தான், வேறென்ன என்று கமலநாதன் முடிவு கட்டிவிட்டார். காலையில் ஒருவழியாகக் கழற்றிக் கொடுத்தாள்.

தே தாரிக் வந்தது. நுரை பொங்க ஆற்றிய அந்த டீயை ஒரு வாய் குடித்ததும் கமலநாதனுக்குக் கோபம் இறங்கி, கேரி தீவு ஏறியது.

"அந்தத் தகரக் கூரை ஞாபகம் இருக்காடா?"

"மறக்க முடியுமா சார்? மழை வந்தா ஒண்ணுமே கேக்காது."

"கேக்காது! உடனே புத்தகத்தை மூடிட்டு, வாய்ப்பாட்டைப் பாட்டாப் பாட வைக்கிறது. மழைக்கும் உங்களுக்கும் போட்டி. அப்புறம் அந்தக் கூட்டல் கணக்கு..."

"உதிரிப் பழம்!" முகுந்தன் சிரித்தான். "செம்பனைப் பழத்தைப் பொறுக்கிட்டு வந்து எண்ணுவோம். விரலெல்லாம் ஆரஞ்சாயிடும். எங்கம்மா கையைப் பார்த்தே, 'இன்னைக்குக் கணக்குப் பாடமா'ன்னு கேப்பாங்க."

"லோகேஸ்வரின்னு ஒரு பொண்ணு. ஒரு பழத்தைப் பாக்கெட்டுல ஒளிச்சு வெச்சுக்கிட்டு, விடை தப்பா வருதுன்னு அழுவாளே!"

கமலநாதனுக்குக் கண் பனித்தது. அது ஒரு காலம். அந்தப் பிள்ளைகளின் சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது. தனலெட்சுமியும் தனக்குள் சிரித்துக்கொண்டாள். இந்தக் கதைகளை அவர் எத்தனை தடவை சொன்னாலும் அவள் அலுக்காமல் கேட்பாள்.

"இவளைக்கூட டீச்சரம்மான்னுதானே கூப்பிடுவீங்க?" என்றார் கமலநாதன். தோட்டத்து வழக்கம் அது. கணக்கெழுதும் கிராணியின் மனைவி கிராணியம்மா, வாத்தியாரின் மனைவி டீச்சரம்மா.

முகுந்தனின் சிரிப்பு நின்றது. மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்து ஒரு முறை படித்தான். திறந்த பேனாவை மூடி வைத்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க காலையில பேர் கூப்பிடுவீங்க. அப்புறம் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கிட்டு, பரீட்சைக்குப் படிக்கக் கிள்ளானுக்குப் போயிடுவீங்க. பழத்தை எண்ண வெச்சது டீச்சரம்மா. மழையில பாட வெச்சதும் அவங்கதான். சார் சம்சாரம்னு நாங்க அப்படிக் கூப்பிடலை சார். அவங்கதான் எங்க டீச்சர்."

"என்னடா உளர்றே? நான் கிள்ளானுக்குப் படிக்கப் போனேன், இல்லேன்னு சொல்லலை. ஆனா லோகேஸ்வரி பழத்தை ஒளிச்சதுகூட என் கண்ணுக்குள்ளயே நிக்குதே!"

நீயாவது சொல்லேன் என்பதுபோல மனைவியைப் பார்த்தார்.

"நிக்குங்க" என்றாள் தனலெட்சுமி மெதுவாக. "ராத்திரி நீங்க திரும்பி வந்து சாப்பிட உக்காருவீங்க. அன்னன்னைக்கு ஸ்கூல்ல நடந்ததை நான்தானே உங்களுக்குச் சொல்லுவேன்."

தோட்டத்து வீட்டின் மங்கலான விளக்கு. சோறு பரிமாறிக்கொண்டே சிரித்துச் சிரித்துப் பேசும் இளம் மனைவி. இப்போது அதுவும் கமலநாதனின் கண்ணுக்குள் வந்து நின்றது. பரிமாறிய அந்த விரல்களும் ஆரஞ்சு நிறமாகத்தான் இருந்தன.

"இத்தனை வருஷமா நான் பேசறப்பெல்லாம் நீ ஒரு வார்த்தை சொல்லலையே, தனம்?"

"சொன்னா அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டீங்க. எனக்கு அதைக் கேக்கணுமே." அவள் முகுந்தனைக் காட்டினாள். "வளையல் பெருசில்லைங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லிக் கொடுத்த பையன். அவனையே கூட்டிட்டு வந்து சத்தியம் பண்ணச் சொல்றீங்களேன்னுதான்..."

முகுந்தன் நெளிந்தான். "சம்பளம் சார் பேர்லதானே வந்துச்சு? ஆயுசுக்கும் வர்ற காசு. நீங்க சொன்னா கையெழுத்துப் போட்டுடறேன் லா, டீச்சரம்மா."

கமலநாதன் அவன் கையிலிருந்து காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். அதே பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். கடையில் எல்லாரும் பார்க்க, மனைவியின் கையைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

"வேணாம்டா முகுந்தா. இருக்கற பென்ஷன் போதும்னு டீச்சர் சொல்லிட்டாங்க."