கம்பளிக் கோட்டு

"அந்தக் கம்பளிக் கோட்டை எனக்குக் குடுங்க" என்றாள் சௌடேஸ்வரி.

எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்கக் கூடாதென்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வெளிநாட்டுக் கட்டுரைப் போட்டியில் பரிசு, வட துருவக் கடலில் ஒரு மாதக் கப்பல் பயணம். அதற்காக அண்ணன் சௌடையாவுக்கு மதுரையில் தைத்த கோட்டு. அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வேர்த்து வடிய நின்றான்.

"பொறாமையப் பாரு! பி.எஸ்ஸி. படிச்சா கோட்டு கேக்குமோ?" என்றார் அப்பா திம்மையா.

"அதை விடு தங்கச்சி. கட்டுரையில வர்ற வால்ரஸுன்னா மீனா, பறவையா? கப்பல்ல கேட்டா என்ன சொல்ல?" என்றான் சௌடையா.

"கட்டுரை எழுதுனவனுக்கு அது தெரியாதாண்ணே?"

அண்ணன் தலைகுனிந்தான். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"நீ எழுதுனா என்ன, அவன் போனா என்ன? நீ 'தி.சௌ.'ன்னுதான கையெழுத்துப் போட்ட? நம்ம வீட்டுல எல்லாப் புள்ளைக்கும் சௌடேஸ்வரி அம்மன் பேருதான். வெள்ளைக்காரனும் மிஸ்டர்னுதான் எழுதியிருக்கான்."

"அப்புறம் போட்டோ கேட்டாம்ப்பா. அனுப்பிட்டேன்."

தன் காலேஜ் ஹாஸ்டல் விலாசத்துக்கு வந்திருந்த பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் காட்டினாள். இரண்டிலும் அவள் பெயர்.

"பொட்டப்புள்ள தனியாக் கப்பலேறுனா எவன் கட்டுவான்? நான் விட மாட்டேன்!"

"கோட்டைத்தாம்ப்பா கேட்டேன். போகட்டுமான்னு கேக்கலையே."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நடந்தாள், கோட்டு இல்லாமலே.