ஒஹாயோவுக்காகக் கோபப்பட்டவள்

உலக மக்களே, எழுந்து நில்லுங்கள்! அமெரிக்க அதிபர் தேர்தலில் இனி எந்த வாக்காளரும் தானே கோபப்பட வேண்டியதில்லை; அதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

அங்கே ஒஹாயோ மாநிலத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் வாக்காளர் ஒருவருக்காக, மதுரையில் நாகஜோதி தினமும் எட்டு மணி நேரம் சம்பளத்துக்குக் கோபப்பட்டாள். திரையில் தேசத்தின் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்த இரண்டு வேட்பாளர்களையும் பார்த்து, "எங்க ஒஹாயோ ஃபேக்டரிய எப்பய்யா தொறப்பீங்க?" என்று தொண்டை கிழியக் கத்துவாள். சூடு குறைந்தால் வேலை போய்விடும்.

மூன்று வாரமாகத் தெருவில் தேங்கிக் கிடந்த சாக்கடைத் தண்ணீர், அன்று அவள் வீட்டு வாசற்படி ஏறிவிட்டது. அத்தனை நாளும் கண்ணில் படாத கவுன்சிலர், ஓட்டுக் கேட்டு வந்து நின்றார்.

"விடாத ஜோதி! நறுக்குன்னு கேளு. கத்துறதுதான ஒம் பொழப்பே?" என்றான் கணவன் சோலையப்பன்.

மூன்று வார ஆத்திரமும் பொங்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விரலை நீட்டி அவள் முழங்கினாள்: "ஒஹாயோ ஃபேக்டரிய எப்பய்யா தொறப்பீங்க?"

கவுன்சிலர் திருதிருவென்று விழித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஜெயிச்ச மறுநாளே தொறந்துருவோம்மா," என்று கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

சாக்கடை அடுப்படிக்குள் வந்தது.