குப்பன் போட்ட கோல்

வியாசர்பாடி மைதானத்தில் இப்போது ரசிகர்கள் யாரும் கத்துவதில்லை; உட்காரும் நாற்காலியே அவர்களுக்காகக் கத்துகிறது. அந்த நாற்காலிகளுக்குப் பழைய கேலரிப் பாட்டுகளைப் பதிய ஸ்டெல்லாவையும் பக்தவச்சலத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது வருடம் கிழக்கு கேலரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொண்டை கிழியப் பாடியவர்கள்.

ஒலிப்பதிவு அறையின் திரையில் ஒரு பழைய ஆட்டம் ஓடியது. வியாசர்பாடி இரண்டாவது கோலைப் போட்டதும் ஸ்டெல்லா மேசையைத் தட்டி எண்ணினார்: "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

ஒலிப்பதிவுப் பொறியாளர் பதிவை நிறுத்தினார். "ரெண்டுதானேம்மா? மெஷின் தப்புன்னு காட்டுது."

"ஒரு ஃபைனல்ல எங்க குப்பன் போட்ட கோல ரெஃப்ரி ஆஃப்சைடுன்னுட்டாரு," என்றார் பக்தவச்சலம். "அன்னைலேந்து எல்லா மேட்ச்லயும் அத சேத்துத்தான் எண்ணுவோம்."

"ஸ்கோர் போர்டுல இல்லாதத இது பாடாது சார்."

"அப்ப அதுக்கு எங்க பாட்டு வராது. வுடு."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. வியாசர்பாடி ஒன்றும் போடவில்லை. கடைசி விசில் ஊதியதும் நாற்காலிகள் அடங்கிவிட்டன. ஜனம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்தது. அப்போது கிழக்கு கேலரியில் இரண்டு பேர் மட்டும் தகரத்தைத் தட்டிக் கத்தினார்கள்: "ஒண்ணு!"

முன்வரிசைப் பெண் திரும்பினாள். "இன்னாம்மா, தோத்துட்டு எண்ணுறீங்க?"

"குப்பன் போட்டது கீதே," என்றார் ஸ்டெல்லா. "ஒரு கோல் வித்தியாசத்துல நாங்க தோத்ததே இல்லம்மா."