பாத்ரூம் மாடியில்

மன்னிப்புக் கேட்க வந்தவர் வாசலிலேயே பல தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டார். தாமதமாக வந்ததற்கு. ஈரச் செருப்புக்கு. குடையை என் மேல் உதறியதற்கு.

வந்த காரியத்துக்கான மன்னிப்பு மட்டும் இன்னும் கோட்டுப் பையில் இருந்தது.

பிராட்வெல், நகர கவுன்சிலில் குழந்தைகள் நலத்துறைத் தலைவர். கூடவே இமோஜென் என்ற இளம் வக்கீல். அவர் வாயிலிருந்து எழுதாத சொல் எதுவும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

வருடக்கணக்காகக் கோர்ட்டில் கவுன்சில் ஒன்றையே சொன்னது. நல்ல வளர்ப்பு வீடாகப் பார்த்துத்தான் பிள்ளையை விட்டோம். உள்ளே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை.

பொறுப்புதான் என்று தீர்ப்பானது. பணம் தந்தார்கள். நேரில் வந்து, என் வீட்டில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்.

"டீ?" என்றேன்.

இங்கிலாந்தில் அதை மறுக்கும் தைரியம் யாருக்கும் கிடையாது.

இமோஜென் சோபாவைத் தடவிப் பார்த்தாள். "நல்ல வீடுங்க. குடிவந்து ரொம்ப நாளாச்சா?"

"திரும்பி வந்து ரெண்டு மாசம் கண்ணு."

அவள் தலையாட்டினாள். என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிட்ட தலையாட்டல்.

பிராட்வெல்லின் கோப்பை காலியாகும்போதெல்லாம் நான் ஊற்றினேன். ஊற்றும்போது தடுப்பது மரியாதை இல்லை. அவர் குடித்தார். நான் ஊற்றினேன். இமோஜென் கெட்டிக்காரி, கோப்பையைக் கையால் மூடிக்கொண்டாள்.

சின்ன வயதில் என்னைப் பார்க்கவும் கவுன்சிலிலிருந்து ஆள் வருவார்கள். என்னை வளர்த்த ஐரிஸ் ஆன்ட்டி நல்ல பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள். "சந்தோஷமா இருக்கியா கண்ணு?" என்று அவள் முன்னாலேயே கேட்பார்கள். இருக்கிறேன் என்பேன். முன்னறையைத் தாண்டி ஒருவரும் வந்ததில்லை. அடுத்தவர் வீட்டு மாடிப்படியில் கால் வைப்பது நாகரிகமா என்ன?

பிராட்வெல் காகிதத்தை விரித்தார். குரல் கம்பீரமாகத்தான் தொடங்கியது. இரண்டாம் பத்தியில் காலை மாற்றிப் போட்டார். "ஆழ்ந்த வருத்தம்" வரும்போது முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. கடைசி வரிகளை ரயில் கிளம்பப்போகிறதுபோல வாசித்தார்.

எனக்குள் ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. குடைக்குக் கேட்ட மன்னிப்பில் இதைவிட உயிர் இருந்தது.

"இன்னொரு கப்?"

"மன்னிச்சுக்கங்க," என்றார். அன்றைக்கு அவர் மனதாரச் சொன்னது அதுதான். நெற்றி வியர்த்திருந்தது. "பாத்ரூம்..."

"மாடியில. ரெண்டாவது கதவு. மொதக் கதவு சாமான் அலமாரிங்க. வெளிப்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருக்கும், குழம்பிடாதீங்க."

அவர் ஓட்டமாக ஏறினார்.

ஐரிஸ் ஆன்ட்டி செத்தபின் இந்த வீடு விற்பனைக்கு வந்தது. கவுன்சில் கொடுத்த பணத்தில் அதைத்தான் வாங்கினேன். பெயின்ட் அடித்தேன், சோபா மாற்றினேன். அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றத் திருப்புளியோடு போய், கழற்றாமல் இறங்கி வந்தேன். யாராவது ஒருவர் பார்க்கட்டும்.

மேலே தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது. நிம்மதியான காலடிகள் திரும்பி வந்தன.

முதல் கதவின் முன்னால் நின்றன.

பிறகு, தாழ்ப்பாள் விலகும் சத்தம். உள்ளேயிருந்து எத்தனையோ நாள் காத்திருந்து பழகிய சத்தம். வெளியிலிருந்து இப்போதுதான் கேட்கிறேன்.

வெகுநேரம் அவர் இறங்கவில்லை.

இமோஜென் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சார் வழி மாறிட்டாரா என்ன?"

"இல்ல கண்ணு," என்றேன். "நீ பிஸ்கட் எடுத்துக்கோ."