வெறும் புல்

கைப்பிடி சுண்ணாம்புத்தூளோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முதல் குழிக்குப் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலப்பூ. சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை.

ஓரடி தள்ளி வைத்தால் போயிற்று.

தள்ளினாள். அங்கே இளஞ்சிவப்பில், ஒரே இதழோடு வேறொன்று. மற்ற இதழ்களை யாரோ கிள்ளிக்கொண்டு போய்விட்டதுபோல. பக்கத்துச் செடியைப் பார்த்தாள். அதற்கும் ஒன்றுதான்.

மண்டியிட்டாள்.

காங்கேயத்துக்கு மேற்கே இந்தப் புறம்போக்கு மேட்டைத் தினமும் பேருந்திலிருந்து பார்க்கிறவள் அவள். சித்திரை என்றால் வைக்கோல் நிறம். போன வாரம் ஒரு கோடை மழை பெய்தது. அவ்வளவுதான்.

“வெறும் புல்லுங்க சார். ஒரு மரங்கூட இல்லைங்க.”

ஒரு வருடமாக அலுவலகப் படியெல்லாம் ஏறி, இதைச் சொல்லித்தான் மரம் நட அனுமதி வாங்கினாள். பத்து மணிக்கு ஊரே மண்வெட்டியோடு வரும். வேம்பு, புங்கன், பூவரசு. ஐந்தே வருடத்தில் மேடு முழுக்க நிழல் விழும் என்று சொல்லியிருக்கிறாள்.

கொழுக்கட்டைப்புல்லின் கதிர் கன்னத்தில் உரசியது. இங்கே அவளுக்குப் பெயர் தெரிந்தது அது ஒன்றுதான். தூரத்தில் வெளிறித் தெரிந்த கதிர் கண்ணருகே செந்நீலமாக இருந்தது. பொடி வண்டொன்று அதில் ஏறி, காற்று அடித்ததும் இறுகப் பிடித்துக்கொண்டு ஆடியது.

நிழலில் இதெல்லாம் என்ன செய்யும்?

வெறுங்கையைக் குவித்து நீலப்பூவின் மேல் குடையாகப் பிடித்தாள்.

காத்திருந்தாள்.

பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுற்றிக்கொண்டிருந்த சிறு தேனீ மட்டும் அதைத் தாண்டி, வெயிலில் இருந்த அடுத்த பூவுக்குப் போயிற்று.

சட்டென்று கையை எடுத்தாள்.

கீழே சாலையில் ஹாரன் ஒலித்தது. கன்றுகளோடு லாரி வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் சென்னியப்பன் தலையை நீட்டிக் கத்தினார்.

“அம்மிணி! கன்னெல்லாம் வாடுது. எங்க எறக்கறது?”

அவள் மற்றக் கைப்பிடியில் இருந்த சுண்ணாம்பைப் பக்கத்திலிருந்த வாளியிலேயே திரும்பக் கொட்டினாள். எழுந்திருக்கவில்லை.

சென்னியப்பன் இறங்கி மேட்டில் ஏறினார்.

“ஊரையே வரச்சொல்லிப்போட்டு இந்த வெறுங்காட்டுல அப்படி என்னத்தத் தேடறீங்க?”

“பாத்து வாங்கண்ணா. பூ இருக்குது.”

“பூவா? எங்க?”

குனிந்து பார்த்தார்.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒற்றைக்காலில் நின்றார்.