பாயும் குதிரை

பொதுச்சுவரில் பாயும் குதிரையை வரைந்துகொண்டிருந்த நண்பர்கள் மூவரில் இருவர் தப்பியோடிவிட்டனர். மூன்றாமவன், விரல்களில் சிவப்புச் சாயத்துடன் காவல் நிலையத்தில் நின்றான். வழக்குப் பதிவானால் வங்கி வேலை போய்விடும்.

“ஈரச் சுவத்தத் தெரியாம தொட்டுட்டேன் சார்.”

“அப்படியா? இந்தாங்க பேப்பர். அதே குதிரைய வரைஞ்சு காட்டுங்க, கண்டுபிடிச்சிடலாம்,” என்றார் ஆய்வாளர்.

அவன் கால்மணி நேரம் தலைநிமிராமல் வரைந்தான்.

ஆய்வாளர் தாளை நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

“என்னங்க இது, கழுதையா, கட்டிலா? ஏட்டய்யா, இவர அனுப்பிவிடுங்க. யாரோ செஞ்சதுக்கு இந்த அப்பாவியப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க!”

தெருமுனையில் பதுங்கியிருந்த நண்பர்களிடம் அவன் நடந்ததைச் சொன்னான்.

“வேணும்னே கோணலா வரைஞ்சு தப்பிச்சியா? கில்லாடிடா மச்சான்! உன்னப் போயி இத்தன நாளா வெறும் பெயிண்ட் அடிக்க விட்டோமே! அடுத்த சுவத்துல குதிரை உன்னோடதுதான்!”

அவன் அடக்கத்துடன் புன்னகைத்தான்.

பென்சில் கைக்கு வந்ததும் வழக்கையும் வேலையையும் மறந்து, தன் திறமை முழுவதையும் கொட்டி வரைந்ததையும், தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டிருந்ததையும் அவன் சொல்லவில்லை.